கூந்தலில் மல்லிகைச் சரம்: பூவை வரையாமல் பூவைக் கொண்டுவருவதில் சிக்கல்

வணக்கம் நண்பர்களே. ஏ4 அளவு, 200 ஜிஎஸ்எம் கனத் தாளில் கருங்கூந்தலும் மல்லிகைச் சரமும் வரைகிறேன். பூவுக்குக் கோடே கிடையாது. இதழ்களுக்கு இடையில் தெரியும் கருப்பு இடுக்குகளின் வடிவத்தை மட்டும் கடினமான, வெளிறிய 2எச் பென்சிலால் குறித்து, வரிசையாக மென்மையும் கருமையும் கூடும் எச்பி, 2பி, 4பி, 6பி பென்சில்களால் அடுக்கடுக்காக இருட்டாக்குகிறேன். பூ என்பது வெறும் தாள்தான். இந்த முறையின் அழகே அதுதான்.

2எச் கோட்டில் அழுத்தம் கூடிய இடங்களில் தாளில் பள்ளம் விழுந்துவிட்டது. மேலே 6பி தேய்த்தாலும் அது பள்ளத்துக்குள் இறங்குவதில்லை. வெளிறிய இழை நிற்கிறது. எச்பி அதிகம் ஏறிய இடத்தில் தாளின் சொரசொரப்பு அடைபட்டு, 6பி வழுக்கிப் பளபளக்கிறது. பிசையும் ரப்பரால் ஒற்றியெடுத்தும் பாதிதான் சரியானது.

அடுத்த தாளில் 2எச்-ஐ விட்டுவிட்டு, இடுக்குகளை நேரடியாக 2பி-யில் லேசாகக் குறிக்கலாமா? எல்லா விளிம்பும் ஒரே கூர்மையாக இருப்பதால் பூக்கள் கத்தரித்து ஒட்டியதுபோல் தெரிகின்றன. பின்னால் போகும் பூக்களின் விளிம்பை எதனால் மங்கலாக்குகிறீர்கள்: பென்சிலாலேயா, காகிதச் சுருளாலா? பூமேல் விழும் ஒற்றை மயிரிழையைக் கடைசியில்தான் போடவேண்டுமா?