பத்தாயத்துக்கு வாழ்த்துரை

தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் ஊர் வாசகசாலையின் ஆண்டுவிழாவுக்காக ரஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவின் 'செர்ரிப் பழத்தோட்டம்' நாடகத்தைத் தமிழில் நடித்தபோது, ஃபிர்ஸ் என்னும் 87 வயது வேலைக்காரக் கிழவரின் வேடம் எனக்குக் கிடைத்தது. ஒத்திகைக்கு இடம் அமையாததால், என் பாட்டா (தாத்தா) கட்டிய பழைய ஓட்டு வீட்டில் தினமும் மாலையில் கூடினோம். இரண்டு பருவமழையும் பெய்யும் எங்கள் மாவட்டத்தில், ஆள் குடியிராத ஓட்டு வீடு அதிக நாள் தாங்காது. ஓர் ஓடு விலகினாலே, அதன் வழியாக இறங்கும் நீர் ஓட்டைத் தாங்கும் கழுக்கோலை இற்றுப்போகச் செய்துவிடும். அந்த வீட்டிலோ அயனி மர உத்தரம்வரை சிதல் (கரையான்) ஏறியிருந்தது.

எங்களை இயக்கியவர் நாடகம் முழுவதும் அழுகையாக இருக்க வேண்டும் என்று விரும்பினார். நான் அதை ஏற்கவில்லை. செகாவே இதை நகைச்சுவை நாடகம் என்றுதான் குறிப்பிட்டார். 1904 ஜனவரியில் மாஸ்கோ கலை அரங்கில் இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி அதைச் சோகமாக மேடையேற்றியது செகாவுக்கு உவப்பாக இல்லை.

எங்கள் வாக்குவாதத்தைத் தீர்த்தவர் பெரியம்மை. நாடகத்தில் பண்ணை வீட்டுக்காரரான 51 வயது கயேவ், நூறு வருடப் பழமையுள்ள புத்தக அலமாரியை மரியாதையோடு விளித்துப் பாராட்டுரை நிகழ்த்தும் காட்சி அது. அலமாரி இல்லாததால், நெல் கொட்டி வைத்த பழைய பத்தாயத்தின் முன்னால் நடிகரை நிறுத்தியிருந்தோம். அவர் குரல் தழுதழுக்கப் பேசத் தொடங்கியதும், படிப்புரைத் திண்ணையில் இருந்த பெரியம்மை, "இவன் என்ன மக்களே, பத்தாயத்துக்கு வாழ்த்துப் பத்திரம் படிக்கான்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதே பெரியம்மைதான் அன்று விளக்கணைத்துப் புறப்படும்போது, உளுத்துப்போன நிலைப்படியைத் தடவி, "செரி, நாளைக்கு வாறேன்" என்று அதனிடம் விடைபெற்றார். நடிகர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாளிலிருந்து அவர் அழவில்லை. சொந்தக்காரரிடம் பேசுவதுபோல் பத்தாயத்திடம் பேசினார்.

விழா இரவில் அந்தக் காட்சிக்குச் சபையே சிரித்தது. கடைசியில் எல்லோரும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக, மறந்து விடப்பட்ட ஃபிர்ஸாக நான் மேடையில் தனியே படுத்தேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் உரக்கக் கேட்டது: "பாட்டா உள்ள கெடக்காரு, கதவத் தொறங்கடே!"

திரை விழும்வரை நான் அசையவில்லை.