கமடோர் 64 டெமோ கையேடு: வருட வரிசையா, வித்தை வரிசையா?

பிட்டு வியாபாரி
எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற வேலை ஒருவழியாக ஒரு வடிவத்துக்கு வந்திருக்கிறது. எண்பதுகளின் வீட்டுக் கணினியான கமடோர் 64இன் டெமோக்களுக்குத் தமிழில் ஒரு ரசிகர் கையேடு. நாற்பது டெமோக்கள், வருட வரிசையில். கிராக் செய்த, அதாவது நகல் பூட்டை உடைத்த, விளையாட்டுகளின் முன்னால் ஒட்டிவைத்த சின்ன அறிமுகத் திரைகளில் தொடங்கி, 2017இல் வந்த 'எ மைண்ட் இஸ் பார்ன்' வரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், குழுவின் பெயர், எழுதியவர்களின் பெயர், எந்தப் பார்ட்டியில் (டெமோக்காரர்கள் கூடிப் போட்டி போடும் விழா) வெளியானது, ஒரு பத்தி விளக்கம், ஒரு வீடியோ சுட்டி.

டெமோ என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக முன்னுரையில் இப்படி எழுதியிருக்கிறேன்: "இதை விளையாட முடியாது, இதனால் ஒரு காசு பயன் கிடையாது. பழைய கணினி ஒன்றை அதன் சக்திக்கு மீறி ஆடவும் பாடவும் வைத்துக் காட்டும் நிரல், அவ்வளவுதான்."

முதல் பத்துப் பதிவுகளை ஏற்றியிருக்கிறேன். தயங்காமல் குறை சொல்லுங்கள்.

ராஸ்டர் ராணி
கேட்டதால் சொல்கிறேன், கோபப்படக் கூடாது. பத்தையும் படித்தேன். 'அசத்தல்' ஏழு இடத்தில் வருகிறது, 'பிரமிப்பு' ஐந்து இடத்தில். எதைப் பார்த்துப் பிரமிக்க வேண்டும் என்று மட்டும் ஓரிடத்திலும் இல்லை.

நான்காவது பதிவையே எடுங்கள். "திரையின் ஓரம் வரை படம் விரிவது அசத்தல்" என்கிறீர்கள். இன்று பதினைந்து வயதில் இருக்கும் ஒருவருக்கு இதில் என்ன அசத்தல்? அவர் கைப்பேசியில் எல்லாப் படமும் ஓரம் வரைதான் விரிகிறது. கமடோரில் படத்தைச் சுற்றி ஒரு பட்டை உண்டு, அங்கே எதையும் காட்ட முடியாது என்றுதான் அதன் கையேடே சொல்லும் என்பது தெரிந்தால்தானே அந்த இடத்தில் ஓர் எழுத்து ஓடுவதைப் பார்த்து வாய் பிளக்க முடியும்?

வருட வரிசையை விடுங்கள். வித்தை வரிசையில் அடுக்குங்கள். ஓரத்தைத் திறப்பது ஓர் அத்தியாயம், நிறக் கட்டுப்பாட்டை உடைப்பது ஓர் அத்தியாயம், இசை ஓர் அத்தியாயம், வட்டு இயக்கி ஓர் அத்தியாயம்.

பிட்டு வியாபாரி
'அசத்தல்' பற்றிச் சொன்னது சரி, குறைத்துவிடுகிறேன். மற்றதை ஏற்க மாட்டேன் அக்கா. நீங்கள் சொல்வது பொறியியல் பாடப்புத்தகம். நான் எழுதுவது ஒரு கலையின் கதை. 2020இல் பின்லாந்து டெமோசீன் எனும் இந்த டெமோ உலகத்தைத் தன் வாழும் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த வருடம் ஜெர்மனி. சில்லுக்குள் கட்டளை எழுதும் ரெஜிஸ்டர்களின் எண்களுக்காகவா சேர்த்தார்கள்? அதைச் சுற்றி வாழ்ந்த மனிதர்களுக்காக. டிஸ்கட்டைத் தபாலில் அனுப்பிப் பழகிய பையன்கள், வருடத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு ஊர் மண்டபத்தில் கூடித் தரையில் படுத்துத் தூங்கிய கூட்டம். அந்தக் கதைக்குக் காலவரிசைதான் முதுகெலும்பு.

ஒரு சோதனை வைக்கிறேன். 1993இல் அசெம்பிளி பார்ட்டியில் ஃப்யூச்சர் க்ரூ 'செகண்ட் ரியாலிட்டி'யை வெளியிட்டது. அது பிசிக்கு எழுதியது. 1997இல் ஸ்மாஷ் டிசைன்ஸ் குழு அதையே கமடோர் 64க்குக் கொண்டுவந்தது. 1982இல் கடைக்கு வந்த, ஒரு மெகாஹெர்ட்ஸைக்கூட முழுதாக எட்டாத பெட்டிக்கு! இந்தக் குறும்பு எந்த வித்தை அத்தியாயத்தில் வரும்? வருடம் தெரியாவிட்டால் சிரிப்பே வராது.

ஹம்நகரான்
தம்பி பிட்டு, முயற்சிக்கு வாழ்த்து. நான் ஜெர்மனியில் ஹம் நகரில் இருக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தபோது பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவன் இந்த வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தான். மேசை முழுக்க டிஸ்கட். அனுப்பும் முன் தபால் முத்திரையின் (ஸ்டாம்பின்) மேல் பசையை மெல்லியதாகத் தடவுவான். போய்ச் சேர்ந்த இடத்தில் கழுவினால் தபால்காரர் அடித்த மை பசையோடு போய்விடும், அதே முத்திரை அடுத்த கடிதத்தில் திரும்பி வரும். டெமோக்களில் ஓடும் எழுத்திலேயே "முத்திரையைத் திருப்பி அனுப்பு" என்று கேட்பார்கள். இதெல்லாம் கையேட்டில் வரட்டும், நல்லது.

ஆனால் இரண்டு விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒன்று, நீங்கள் நிரல் எழுதியவர்களின் சொந்தப் பெயரைத் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். அந்த நாளில் கிராக் செய்தது சட்டப்படி குற்றம், புனைபெயருக்கு அதுவும் ஒரு காரணம். இன்றைக்கு அவர்கள் எங்கேயோ உத்தியோகத்தில் இருப்பார்கள். அவர்களே சொந்தப் பெயரில் வெளியே வந்திருந்தால் சரி. 'எ மைண்ட் இஸ் பார்ன்' எழுதிய லீனஸ் ஓகெசன் தன் பெயரில்தான் எழுதுகிறார், அவரைப் போடலாம். மற்றவர்களுக்குப் புனைபெயர் போதும். அவர்கள் ஒருவரையொருவர் வாழ்த்தியதும் வைததும் அந்தப் பெயர்களில்தான்.

இரண்டு, வீடியோ சுட்டி.

பிட்டு வியாபாரி
பெயர்களை இன்று இரவே எடுத்துவிடுகிறேன் அண்ணை. யோசிக்காமல் செய்துவிட்டேன். வீடியோவில் என்ன குறை? இந்தத் திரியில் எத்தனை பேரிடம் நிஜக் கமடோர் இருக்கிறது?

ஹம்நகரான்
என்னிடம் இரண்டு இருக்கின்றன, ஒன்று மூச்சு விடுவதில்லை. அதை விடுங்கள்.

ஐரோப்பியக் கமடோர் வினாடிக்கு 50 தடவை திரையை வரையும். 2014க்கு முன்னால் யூடியூபில் ஏற்றியவை வினாடிக்கு 30 பிரேமுக்கு (படத்துக்கு) மேல் போகாது. ஆக, நீங்கள் சுட்டி கொடுத்த பழைய வீடியோக்களில் கிட்டத்தட்ட பாதிப் படங்கள் இல்லவே இல்லை. வழுக்கிக்கொண்டு போக வேண்டிய எழுத்து தடுக்கித் தடுக்கிப் போகிறது. அதைவிட மோசம் நிறம். அந்தப் பெட்டியில் நிறம் பதினாறுதான். வெளிச்சம் ஒத்துப்போகிற இரண்டு நிறங்களை ஒரு பிரேம் விட்டு ஒரு பிரேம் மாற்றி மாற்றிக் காட்டினால் குழாய் டிவியில் கண் அவற்றைக் கலந்து பதினேழாவது நிறமாகப் பார்க்கும். 30 பிரேம் வீடியோவில் அது வெறும் சிமிட்டல். உங்கள் ஆறாவது பதிவில் "படம் கொஞ்சம் நடுங்குகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, நடுங்கியது டெமோ இல்லை தம்பி.

மூன்றுகுரல்
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். இசைக்கும் இதே கதைதான். கமடோரில் ஒலி எழுப்பும் சிட் சில்லு இரண்டு ரகம், 6581, 8580. பழைய 6581இல் ஒலியளவு ரெஜிஸ்டரை வேகமாக ஏற்றி இறக்கினால் அதுவே சத்தமாகக் கேட்கும். அந்தக் குறையை வைத்துத்தான் மூன்று குரல்களோடு நான்காவதாகப் பேச்சையும் டிரம்மையும் வாசித்தார்கள். 8580இல் அந்தக் குறையைச் சரிசெய்துவிட்டார்கள், டிரம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது. பதிவுக்குப் பதிவு எந்தச் சில்லில் கேட்க வேண்டும் என்று ஒரு சொல் போட்டால் போதும். வருடமா வித்தையா என்ற சண்டையில் எனக்குப் பங்கு வேண்டாம்.

சும்மா வந்தவன்
நான் இந்த உலகத்துக்கே புதுசு. இந்தத் திரியைப் பார்த்துவிட்டு நேற்று லேப்டாப்பில் வைஸ் எமுலேட்டர் (கமடோரைப் போல நடிக்கும் நிரல்) போட்டு, கையேட்டில் இருந்த மூன்று டெமோக்களை ஓட்டினேன். ஒன்று கோடு கோடாகக் கிழிந்தது, ஒன்று உறைந்து நின்றுவிட்டது. லேப்டாப் பழசு என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் பார்த்தால், கமடோர் அமெரிக்கக் கம்பெனிதானே என்று நான் அமெரிக்க மாடலைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்! அதை மாற்றியதும் மூன்றும் ஓடின. ஏன் இப்படி?

ராஸ்டர் ராணி
நல்ல கேள்வி, கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய கேள்வி. ஐரோப்பிய மாடல் ஒரு பிரேமுக்கு 312 கோடு வரைகிறது, ஒரு கோட்டுக்கு 63 சைக்கிள் (செயலியின் துடிப்பு). பெருக்கினால் 19,656. அமெரிக்க மாடலில் 263 கோடு, கோட்டுக்கு 65 சைக்கிள், மொத்தம் 17,095. டெமோ எழுதுகிறவர் ஒவ்வொரு சைக்கிளையும் எண்ணி எழுதுகிறார். நீங்கள் அமெரிக்க மாடலைப் போட்டதும் ஒவ்வொரு பிரேமிலும் 2,561 சைக்கிள் பறிபோனது. கோட்டுக்குக் கோடு தாளமும் தப்பியது. கிழியாமல் என்ன செய்யும்?

பிட்டு, பாருங்கள். உங்கள் கையேட்டைப் படித்த முதல் வாசகர் இங்கேதான் தடுக்கி விழுந்தார். அவருக்கு உதவியது வருடம் இல்லை.

பிட்டு வியாபாரி
அது எமுலேட்டர் குறிப்பு. முன்னுரையில் நான்கு வரி எழுதினால் தீர்ந்தது. அதற்காகப் புத்தகத்தையே புரட்டிப்போட வேண்டுமா?

சரி, இன்னொரு உதாரணம். பூஸ் டிசைன் குழுவின் 'எட்ஜ் ஆஃப் டிஸ்கிரேஸ்'. 2008, நெதர்லாந்தில் நடந்த எக்ஸ் பார்ட்டி. அதைப் பார்த்தவர்கள் ஒரு தனி வித்தையைச் சொல்ல மாட்டார்கள். ஒரு காட்சி இன்னொன்றாக உருகுவது, எங்கேயும் 'லோடிங்' என்று நிற்காமல் ஒரே மூச்சில் போவது, அந்த ஓட்டத்தைத்தான் சொல்வார்கள். அக்கா, அதை எந்த அத்தியாயத்தில் அடைப்பீர்கள்?

ராஸ்டர் ராணி
வட்டு இயக்கி அத்தியாயத்தில்!

கமடோரின் வட்டு இயக்கியான 1541க்குள் தனியாக ஒரு 6502 செயலி இருக்கிறது, இரண்டு கிலோபைட் நினைவகத்தோடு. அதாவது அது ஒரு துணைக் கணினி. வட்டிலிருந்து நிரலை ஏற்றக் கமடோர் கொடுத்த லோடர் ஆமை வேகம், அது ஓடும்போது திரையில் ஒழுங்காக எதையும் ஆட்ட முடியாது. அதனால் டெமோக்காரர்கள் தங்கள் சொந்த நிரலை இயக்கிக்குள்ளேயே அனுப்பிவிடுகிறார்கள். இங்கே காட்சி நடக்கும்போதே அங்கே அடுத்த காட்சி கொஞ்சம் கொஞ்சமாக வந்து இறங்குகிறது. மேடையில் ஒருவர் பாடிக்கொண்டிருக்க, திரைக்குப் பின்னால் அடுத்த வேஷம் கட்டுகிற மாதிரி. நீங்கள் சொல்லும் ஒரே மூச்சு அங்கேதான் பிறக்கிறது.

பிட்டு வியாபாரி
வேஷம் கட்டுவது இயக்கி, ஒப்புக்கொள்கிறேன். எந்த வேஷத்துக்குப் பிறகு எந்த வேஷம் என்று யார் முடிவு செய்தார்கள்? அது 6502இன் வேலை இல்லை. ஒரே லோடரை வைத்துக்கொண்டு தூக்கம் வரவழைக்கும் டெமோக்களும் இருக்கின்றனவே. வித்தையை மட்டும் சொன்னால் சமையல்காரரை விட்டுவிட்டு அடுப்பைப் பாராட்டுவது போல ஆகிவிடும்.

ராஸ்டர் ராணி
அடுப்பு அடி நல்ல அடி. அந்த ஒரு டெமோவுக்கு உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் 'எ மைண்ட் இஸ் பார்ன்' பதிவைப் பாருங்கள். "2017, ரிவிஷன் பார்ட்டி, முதலிடம், மயக்கும் இசை" என்று முடித்துவிட்டீர்கள். அது 256 பைட் என்பதை இந்தக் கையேட்டைப் படிக்கிறவர் எப்படி உணர்வார்? 4096 பைட் வரை அனுமதித்த போட்டிக்கு அதில் பதினாறில் ஒரு பங்கோடு போய் ஜெயித்தார் என்று ஒரு வரி இருந்தால் போதுமே. நீங்கள் எழுதிய 'மயக்கும் இசை' பத்தியே 256 பைட்டைத் தாண்டும், எண்ணிப் பாருங்கள்.

சும்மா வந்தவன்
எண்ணினேன். யூனிகோடின் UTF-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குக் குறைந்தது மூன்று பைட். பத்தியின் இரண்டாவது வாக்கியத்துக்குள்ளேயே தாண்டிவிட்டது!

அக்கா, முதலில் சொன்ன அந்த ஓரம் திறக்கும் விஷயத்தை எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா? எனக்கு நிரல் எழுதத் தெரியாது.

ராஸ்டர் ராணி
முயற்சி செய்கிறேன். ஒரு குடியிருப்பில் வாட்ச்மேன். வழக்கமான நாளில் இரவு பத்து மணி அடிக்கும்போது கேட்டைப் பூட்டுவார். விடுமுறை நாளில் ஒன்பது மணி அடிக்கும்போது. மணி அடிக்கிற அந்தக் கணத்தில் மட்டும்தான் பார்ப்பார். நீங்கள் ஒன்பதரைக்குப் போய் "இன்று விடுமுறை" என்கிறீர்கள். ஒன்பது மணி போய்விட்டது. பத்து மணி அடிக்கிறது, விடுமுறை நாளில் பத்து மணிக்கு வேலை கிடையாது. கேட் விடிய விடியத் திறந்தே கிடக்கும்.

கமடோரின் திரையை வரையும் விக் சில்லும் இதே ஆசாமிதான். திரையில் 25 எழுத்து வரிசை என்றால் 251ஆம் கோட்டில் ஓரத்தை மூடும், 24 வரிசை என்றால் 247ஆம் கோட்டில். இரண்டுக்கும் நடுவில் 25ஐ 24 ஆக்கிவிட்டால் இரண்டையும் கோட்டைவிட்டுவிடும். அடுத்த சுற்றுக்குள் மறுபடி 25 ஆக்கி வைத்துவிட வேண்டும். இது மேலும் கீழும். இடம் வலம் திறக்க இதே பொய்யை ஒவ்வொரு கோட்டிலும் குறித்த சைக்கிளில் சொல்ல வேண்டும். திறந்த இடத்தில் தனியாக நகரும் சிறு படங்களான ஸ்ப்ரைட்கள்தான் உலவ முடியும், அது தனிக் கதை.

சும்மா வந்தவன்
ஐயோ! இப்போது நான்காவது டெமோவைத் திரும்ப ஓட்டினேன். நேற்று பத்து வினாடியில் மூடியதை இன்று மூன்று தடவை பார்த்தேன்.

ஹம்நகரான்
அந்த ஓரத்தை முதலில் திறந்தது யார் என்று கேட்டால் நெதர்லாந்தின் 1001 க்ரூ பெயரைத்தான் பலரும் சொல்வார்கள். இல்லை என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. பழைய டெமோ பலவற்றில் தேதியே இருக்காது. வருட வரிசைக்காரர்கள் அதையும் யோசிக்க வேண்டும், 'முதல்' என்ற சொல்லைப் பார்த்துப் போடுங்கள்.

பிட்டு வியாபாரி
இரண்டு நாளாக யோசித்தேன். வருட வரிசையை மாற்றப் போவதில்லை. ஸ்மாஷ் டிசைன்ஸின் குறும்பு அங்கேதான் வாழ்கிறது. ஆனால் ஒவ்வொரு பதிவும் இனி "அந்தப் பெட்டியில் எது முடியாது" என்ற வாக்கியத்தோடு தொடங்கும். சுட்டி முதலில் ஓட்டும் கோப்புக்கு, வீடியோ 50 பிரேமில் இருந்தால் மட்டும். சில்லு எண் உண்டு. புனைபெயர் மட்டும். மாதிரிக்கு நான்காவது பதிவை எழுதிப் பார்த்தேன்:

"கமடோர் திரையைச் சுற்றிய பட்டையில் எதையும் காட்ட முடியாது. இந்த டெமோவில் கடைசி நிமிடத்தில் கீழ்ப்பட்டையைக் கவனியுங்கள். திரையில் கோடு கோடாக இறங்கும் ராஸ்டர் 251ஆம் கோட்டைத் தொட்டதும் நிரல் வரிசை எண்ணிக்கையை மாற்றுகிறது, சில்லு ஏமாந்துபோகிறது."

ராஸ்டர் ராணி
'அசத்தல்' இல்லாமலே அசத்தல். ஆனால் 251ஐத் தொட்ட பிறகு மாற்றினால் வாட்ச்மேன் பூட்டிவிட்டுப் போயிருப்பார். 248இலிருந்து 250க்குள்.