டிசைனரில் வரைந்த திரை பைத்தானில் ஓடவில்லை, உதவி வேண்டும்

குடியாத்தம்_தறி | இரவு 9:40

வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் கைலித் தறித் தொழில். அப்பா பதினெட்டு வீடுகளுக்குப் பாவும் ஊடையும் கொடுத்து, நெய்ததை வாங்கிக்கொண்டு கூலி தருகிறார். கணக்கு எல்லாம் ஒரு நீள நோட்டில்தான். யாருக்கு எத்தனை பாவு போனது, எத்தனை கைலி திரும்பி வந்தது, முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்று வாரக் கடைசியில் கூட்டி முடிக்க நடுராத்திரி ஆகிவிடுகிறது. நான் பி.எஸ்சி. கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இதை ஒரு சின்ன நிரலாகச் செய்து அப்பா கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை. அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அதனால் திரையில் ஒவ்வொரு சொல்லும் தமிழில் இருக்க வேண்டும்.

விண்டோஸ் 10, 64 பிட். பைத்தான் 3.9. பைத்தானின் தொகுப்பு நிறுவியான பிப் வழியாகப் பைக்யூடி5 (ஜன்னல், பொத்தான் எல்லாம் வரையும் க்யூடி கருவித்தொகுப்பைப் பைத்தானில் பயன்படுத்தத் தருவது) போட்டேன், திரையை இழுத்து வைத்து வரையும் டிசைனர் நிரல் எங்கேயும் இல்லை. பிறகு பைக்யூடி5-டூல்ஸ் என்ற தொகுப்பைப் போட்டேன். தொகுப்புகள் போய் உட்காரும் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டர் உள்ளே க்யூடி5_அப்ளிகேஷன்ஸ், அதற்குள் க்யூடி, அதற்குள் பின் என்ற ஃபோல்டரில் டிசைனர் கிடைத்தது. அது நன்றாகத் திறக்கிறது. திரையும் வரைந்துவிட்டேன்.

ஆனால் பைத்தானிலிருந்து அந்தத் திரையைக் கூப்பிட்டால் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. க்யூடி பிளாட்ஃபார்ம் பிளகின் (க்யூடியை விண்டோஸோடு இணைக்கும் துணைக் கோப்பு) எதையும் தொடங்க முடியவில்லை, மறுபடி நிறுவினால் சரியாகலாம் என்கிறது. மூன்று முறை மறுபடி நிறுவிவிட்டேன். கறுப்புத் திரையில், 'விண்டோஸ்' என்ற பிளகினைக் காணவில்லை என்று ஒரு வரி. எந்த இடத்தில் காணவில்லை என்று சொல்ல வேண்டிய மேற்கோள் குறிக்குள் ஒன்றுமே இல்லை, காலியாக இருக்கிறது.

---

லாங்பஜார்_வாசி | இரவு 9:58

தம்பி, முதலில் வேறு ஏதாவது க்யூடி நிரல் குறுக்கே நிற்கிறதா பாருங்க. அனகோண்டா என்ற பைத்தான் தொகுப்பு போட்டிருக்கிறீர்களா? சில மென்பொருள்கள் க்யூடி_பிளகின்_பாத் என்ற சூழல் மாறியைத் தங்கள் இடத்துக்குத் திருப்பி வைத்துவிடும். அப்புறம் உங்கள் நிரல் அங்கே போய்த் தேடும், பதிப்பு ஒத்துப்போகாமல் விழுந்துவிடும். எனக்கு ஒரு முறை இதுதான் நடந்தது.

---

குடியாத்தம்_தறி | இரவு 10:15

நான் தங்கச்சி, அண்ணா. அனகோண்டா இல்லை. அந்த மாறியையும் பார்த்தேன், அப்படி ஒன்று இந்த லேப்டாப்பில் வைக்கப்படவே இல்லை.

---

பாலாற்றங்கரை | இரவு 10:31

ஒரு சோதனை செய்து பாரும்மா. டிசைனரில் வரைந்து சேமித்த யுஐ கோப்பை ஓரமாக வை. க்யூஅப்ளிகேஷன் ஒன்று, வெறும் க்யூலேபிள் (எழுத்தைக் காட்டும் பெட்டி) ஒன்று, அதைக் காட்டச் சொல்லி ஒரு வரி, அவ்வளவுதான். அதுவும் இதே பிழையில் விழுந்தால் நீ வரைந்த திரையில் குற்றமில்லை, நிறுவலில்தான் கோளாறு. விழாவிட்டால் யுஐ கோப்பைப் பார்ப்போம்.

அப்புறம், பைக்யூடி5 எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது? கட்டளைத் திரையில் பிப் ஷோ பைக்யூடி5 என்று ஆங்கில எழுத்தில் அடி. லொகேஷன் என்று ஒரு வரி வரும். அந்த வரி முழுவதும் வேண்டும்.

---

குடியாத்தம்_தறி | இரவு 10:44

வெறும் லேபிளுக்கும் அதே பிழைதான் அக்கா.

லொகேஷன் வரி: சி டிரைவ், யூசர்ஸ், அதற்குப் பிறகு அப்பாவின் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், புரோகிராம்ஸ், பைத்தான், பைத்தான்39, லிப், சைட்-பேக்கேஜஸ். அப்பாவின் பெயர் மட்டும் தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. லேப்டாப் வாங்கிய அன்று அவர் பெயரை நான்தான் தமிழில் அடித்துக் கொடுத்தேன்.

---

பாலாற்றங்கரை | இரவு 10:52

கிடைத்துவிட்டது. அந்தத் தமிழ்ப் பெயர்தான் இடம்.

கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் இனி எந்த மென்பொருளிலும் நீயே பிடித்துவிடுவாய். விண்டோஸில் எழுத்துகளை வைத்துக்கொள்ள இரண்டு வழி உண்டு. ஒன்று எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு. இன்னொன்று அதற்கு முந்தைய குறியீட்டுப் பக்கங்கள், அதாவது ஒவ்வொரு மொழிக் கூட்டத்துக்கும் தனியாக வைத்த எழுத்துப் பட்டியல்கள். நம் ஊர் கணினிகளில் வழக்கமாக இருக்கும் 1252 என்ற பக்கம் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது. கணினியின் வழக்கமான பக்கமாக வைத்துக்கொள்ளத் தமிழுக்கு என்று விண்டோஸில் ஒரு பக்கம் இல்லை, தமிழுக்கு யூனிகோடுதான் வழி. பைக்யூடி5 தான் இருக்கும் ஃபோல்டரின் பெயரை க்யூடியிடம் சொல்லும்போது இந்தப் பழைய பக்கத்தின் வழியாகச் சொல்கிறது. அங்கே இடம் இல்லாத ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஒரு கேள்விக்குறியாக மாறிவிடுகிறது. கேள்விக்குறி உள்ள ஃபோல்டர் விண்டோஸில் இருக்கவே முடியாது. க்யூடி போய்க் கதவைத் தட்டுகிறது, அந்த முகவரியில் வீடே இல்லை. அதனால்தான் மேற்கோள் குறிக்குள் காலி.

டிசைனர் ஏன் திறந்தது என்று கேட்பாய். அது தனி நிரல். தன் பிளகின்களைத் தன் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது, பைத்தான் நடுவில் வருவதில்லை.

---

லாங்பஜார்_வாசி | இரவு 11:03

அப்படியானால் சுலபம். கண்ட்ரோல் பேனலில் கணக்கின் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடலாமே? முதலிலேயே ஆங்கிலத்தில் வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

---

பாலாற்றங்கரை | இரவு 11:10

அண்ணா, கண்ட்ரோல் பேனலில் மாற்றினால் உள்ளே நுழையும்போது தெரிகிற பெயர் மட்டும்தான் மாறும். யூசர்ஸ் கீழே இருக்கும் ஃபோல்டரின் பெயர் அப்படியே இருக்கும். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் புகுந்து மாற்றுகிற வழியும் சொல்வார்கள், அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதில் ஒரு எழுத்து பிசகினால் அவள் அப்பாவின் கணக்கே திறக்காது. தொழில் கணக்கு இருக்கிற லேப்டாப் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் பெயரைத் தமிழில் வைத்தது தவறே இல்லை. ஒரு மனிதர் தன் லேப்டாப்பைத் திறந்ததும் தன் பெயரைத் தன் எழுத்தில் பார்ப்பது நல்ல விஷயம். கோளாறு பழைய குறியீட்டுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற நிரலில் இருக்கிறது. பெயரைத் தொடாமல் பைத்தானை இடம் மாற்றுவோம்.

தங்கச்சி, பழைய பைத்தானை நீக்கிவிட்டு, மறுபடி நிறுவும்போது 'கஸ்டமைஸ்' வழியாகப் போய் 'எல்லாப் பயனர்களுக்கும்' என்பதை டிக் செய். அது புரோகிராம் ஃபைல்ஸில் போய் உட்காரும். பாதையில் தமிழ் எழுத்து வராது. பிறகு தொகுப்புகளைப் போட்டுப் பார்.

---

குடியாத்தம்_தறி | மறுநாள் காலை 7:20

அக்கா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். பைத்தான் இப்போது புரோகிராம் ஃபைல்ஸில்தான் இருக்கிறது. ஆனால் அதே பெட்டி, அதே வரி, அதே காலி மேற்கோள் குறி. இரவு ஒன்றரை வரை பார்த்தேன்.

---

காட்பாடி_ஜங்ஷன் | காலை 8:05

நேற்று இரவு படித்துக்கொண்டு வந்தேன், இப்போதுதான் எழுத முடிந்தது. அக்கா சொன்ன காரணம் சரிதான். பாதி வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. பிப் ஓடும்போது ஆரம்பத்திலேயே ஒரு வரி வந்திருக்குமே? வழக்கமான சைட்-பேக்கேஜஸில் எழுத அனுமதி இல்லை, அதனால் பயனர் நிறுவலுக்குப் போகிறேன் என்கிற மாதிரி?

---

குடியாத்தம்_தறி | காலை 8:12

ஆமாம் அண்ணா, வந்தது. எச்சரிக்கைதானே என்று விட்டுவிட்டேன்.

---

காட்பாடி_ஜங்ஷன் | காலை 8:30

அதுதான். புரோகிராம் ஃபைல்ஸில் எழுத நிர்வாகி அனுமதி வேண்டும். சாதாரணக் கட்டளைத் திரையில் பிப்புக்கு அது கிடையாது. அதனால் பைத்தான் மட்டும் புது வீட்டில் இருக்க, பைக்யூடி5 மறுபடி யூசர்ஸ், அப்பாவின் பெயர், ஆப்டேட்டா, ரோமிங் என்று பழைய இடத்துக்கே போய்விட்டது. பிப் ஷோ இன்னொரு முறை அடித்துப் பாருங்கள், லொகேஷனில் அப்பா பெயர் இருக்கும்.

நிர்வாகியாகத் திறந்து பிப் ஓட்டினாலும் சரியாகும். ஆனால் எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்காது. ஒரு தொழிலுக்கு ஒரு தனிச் சூழல் வைத்துக்கொள்வதுதான் நல்லது. டி டிரைவ் இருக்கிறதல்லவா? அதில் தறி என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள், பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். அதற்குள் வென்வ் கட்டளையால் ஒரு மெய்நிகர் சூழல் (தொகுப்புகளைத் தனியாக வைத்துக்கொள்ளும் பைத்தான் இடம்) உருவாக்குங்கள். அதை இயக்கிவிட்டு, அதற்குள் பைக்யூடி5-டூல்ஸ் போடுங்கள். பைக்யூடி5 அதோடு சேர்ந்தே வந்துவிடும். மெய்நிகர் சூழல் ரோமிங்கில் கிடப்பதை எட்டிப் பார்க்காது, அதனால் பழையதை நீக்காவிட்டாலும் பரவாயில்லை.

சூழலை இயக்கும்போது பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையில் ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை என்று சிவப்பில் வரலாம். பயப்பட வேண்டாம். சாதாரணக் கட்டளைத் திரையான சிஎம்டி திறந்து அங்கே செய்யுங்கள்.

---

குடியாத்தம்_தறி | மாலை 6:48

ஓடிவிட்டது! கல்லூரி முடிந்து வந்ததும் முதல் வேலையாக இதைத்தான் செய்தேன். லேபிள் திரையில் வந்தது. 'பாவு' என்று எழுதியிருந்தேன், சரியாகத் தெரிகிறது. அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி.

இன்னும் இரண்டு சந்தேகம். யுஐ கோப்பைப் பைத்தானாக மாற்ற பையுஐசி5 கட்டளை கொடுத்து, பெரிதான குறி (>) போட்டுக் கோப்புக்கு அனுப்பினேன். அதை இறக்குமதி செய்தால், யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்தைக் கோப்பில் எழுதும் ஒரு முறை) ஆகப் படிக்க முடியவில்லை, முதல் பைட்டே தவறு என்கிறது. இரண்டாவது, 'கூலி', 'ரூபாய்' என்ற சொற்களில் அடிப்பக்கம் வெட்டுப்படுகிறது. ஜன்னலைப் பெரிதாக்கினாலும் எல்லாம் மேல் இடது மூலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

---

காட்பாடி_ஜங்ஷன் | மாலை 7:15

கட்டளையைப் பவர்ஷெல்லில் கொடுத்திருப்பீர்கள், சரியா? விண்டோஸோடு வருகிற பவர்ஷெல், பெரிதான குறியால் அனுப்புவதை யூடிஎஃப்-16 ஆக எழுதிவிடும். பைத்தான் எதிர்பார்ப்பது யூடிஎஃப்-8. பெரிதான குறியை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் ஒரு ஹைஃபனும் ஓ என்ற சின்ன எழுத்தும் போட்டு, அதன் பிறகு கோப்பின் பெயரைக் கொடுத்தால் பையுஐசி5 தானே சரியாக எழுதிக்கொள்ளும். தமிழ் எழுத்தும் கெடாது.

இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்: அப்படி உருவாகும் கோப்பில் கை வைக்க வேண்டாம். அதன் தலைப்பிலேயே எச்சரிக்கை இருக்கும். அடுத்த முறை மாற்றும்போது நீங்கள் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். கணக்குப் போடும் நிரலை வேறு கோப்பில் எழுதி, இதை அங்கே இறக்குமதி செய்யுங்கள்.

---

பாலாற்றங்கரை | இரவு 8:02

இரண்டாவதை நான் சொல்கிறேன். டிசைனரில் வலப் பக்கம் ஆப்ஜெக்ட் இன்ஸ்பெக்டர் இருக்கிறதல்லவா, அதில் உன் சென்ட்ரல் விட்ஜெட்டுக்குப் பக்கத்தில் சின்னதாகச் சிவப்புக் குறி ஒன்று தெரியும். லேஅவுட், அதாவது பெட்டிகளை வரிசைப்படுத்தும் அமைப்பு, இல்லை என்று அர்த்தம். நீ பொத்தான்களை இழுத்து வைத்த இடம் எல்லாம் வெறும் பிக்சல் எண்களாகத்தான் பதிவாகியிருக்கிறது. ஜன்னல் வளர்ந்தாலும் அவை அசையாது.

திரையின் காலி இடத்தில் ஒரு முறை கிளிக் செய்து, கண்ட்ரோலும் 5-உம் சேர்த்து அழுத்து. கட்டம் கட்டிக்கொள்ளும். பிடிக்காவிட்டால் கண்ட்ரோல் 0, கட்டம் கலைந்துவிடும். உன்னுடையது பெயர், பாவு, கைலி, முன்பணம், கூலி என்று இடப்பக்கம் சொல்லும் வலப்பக்கம் பெட்டியுமாக இருப்பதால் ஃபார்ம் லேஅவுட் இன்னும் பொருத்தம். கண்ட்ரோல் ஆர் அழுத்தினால் நிரலை ஓட்டாமலே திரை எப்படி இருக்கும் என்று காட்டும். ஜன்னலை இழுத்து இழுத்துப் பார்.

எழுத்து வெட்டுப்படுவதற்கு உயரத்தைக் கட்டிப்போட்டதுதான் காரணம். லேபிளுக்கு அதிகபட்ச உயரம் 20 என்று ஏதாவது வைத்திருக்கிறாயா? ஆங்கிலச் சொல்லுக்கு அது போதும். தமிழில் கூ, ரூ எல்லாம் வரிக்குக் கீழே இறங்கி வளையும், அதற்கு இடம் வேண்டும். உயரத்தை விட்டுவிடு, லேஅவுட் பார்த்துக்கொள்ளும். எழுத்துருவை நிர்மலா யுஐ என்று மேல் மட்டத்தில், முழுத் திரைக்கும் ஒரு முறை வை. உள்ளே இருப்பவை எல்லாம் அதையே எடுத்துக்கொள்ளும். அளவு 14-க்குக் குறையாமல் இருக்கட்டும். நோட்டைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிற வயது அப்பாவுக்கு.

---

லாங்பஜார்_வாசி | இரவு 8:20

ஒரு கேள்வி, தெரிந்துகொள்ளத்தான். இந்த நிரலை நாளைக்கு வேறு தறிக்காரர்களுக்கு விற்கலாமா?

---

காட்பாடி_ஜங்ஷன் | இரவு 8:41

நல்ல கேள்வி அண்ணா. பைக்யூடி ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. அதை வைத்துச் செய்ததை மற்றவர்களுக்குக் கொடுத்தால் மூல நிரலையும் கொடுக்க வேண்டும், வேண்டாமென்றால் காசு கொடுத்து வணிக உரிமம் வாங்க வேண்டும். பைசைடு என்று இன்னொன்று இருக்கிறது, அது எல்ஜிபிஎல், ஜிபிஎல்லைவிடத் தளர்ந்த உரிமம். விற்பதற்கு அது தோதானது. அதே யுஐ கோப்பை அதுவும் எடுத்துக்கொள்ளும். வீட்டுக்குள் அப்பாவுக்கு மட்டும் என்றால் இப்போது இருப்பதே போதும்.

---

குடியாத்தம்_தறி | ஞாயிறு இரவு 10:05

சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். இந்த வாரக் கணக்கை அப்பா அதில்தான் போட்டார். பதினெட்டு பேரில் பதினோரு பேர் வரை அவரே அடித்தார், மீதியை அவர் சொல்லச் சொல்ல நான். நோட்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். ஒத்து வந்தது.

ஒரு திருத்தம் கேட்டார். கூலிக்குக் கீழே முன்பணம் இருக்கக் கூடாதாம், மேலே வர வேண்டுமாம். நோட்டில் அவர் எழுதும் வரிசை அதுதான். டிசைனரில் இழுத்து மேலே வைத்து, அண்ணா சொன்ன ஹைஃபன் ஓ போட்டு மறுபடி மாற்றினேன். கணக்குப் போடும் கோப்பை வேறாக வைத்திருந்ததால் அதில் ஒரு வரியும் போகவில்லை. அப்பா டீ குடித்து முடிப்பதற்குள் ஆகிவிட்டது.