பழைய குடியேறிகள் காலத்து வேலைகள்: பிள்ளைகளோடு செய்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில். 1800களில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே வந்து குடியேறியவர்களைப் பற்றி மகளுக்குப் பள்ளியில் பாடம் நடக்கிறது. அந்தச் சாக்கில் சனிக்கிழமைகளில் வீட்டிலும் ஏதாவது செய்து பார்க்கிறோம்.

வெண்ணெய் சுலபம். ஹெவி கிரீமை ஜாடியில் பாதி ஊற்றி, ஆள் மாற்றி ஆள் குலுக்கினால் கால் மணி நேரத்தில் திரண்டுவிடும். (மோர் எனக்கு!) மக்காச்சோள மாவில் சுட்ட ஜானிகேக்கும் உடனே காலி.

மக்காச்சோளக் கதிரின் மேல்தோலில் செய்யும் பொம்மைதான் படுத்துகிறது. டமாலே (இந்தத் தோலில் மாவைப் பொதிந்து வேகவைக்கும் மெக்சிகோ பண்டம்) செய்ய விற்கும் காய்ந்த தோலை ஊறவைத்துக் கட்டுகிறோம். உலர்ந்ததும் கட்டு தளர்ந்து தலை தொங்குகிறது. எந்த நூல் நிற்கும்? அப்புறம், திரியை முக்கி முக்கி எடுக்கும் மெழுகுவர்த்தி. அன்றைக்கு மாட்டுக் கொழுப்பு, நமக்குத் தேன்மெழுகு போதும். 6 வயதுப் பையன் பக்கத்தில் நிற்கும்போது மெழுகைப் பத்திரமாக உருகிய நிலையிலேயே வைக்க என்ன வழி?

கதைகள்தான் பெரிய கேள்வி. 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 5 வருடம் குடியிருந்து பயிர் செய்தவர்களுக்கு 160 ஏக்கர் வரை நிலம் கிடைத்தது. அதே ஆண்டில்தான் இங்கே பூர்வகுடிகளான டகோட்டா மக்களோடு போர். 1863இல் அவர்களில் பெரும்பாலோரை மாநிலத்தைவிட்டே துரத்தினார்கள். இதை மறைத்துக் கதை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டகோட்டா எழுத்தாளர்களே எழுதிய சிறுவர் நூல்கள் தெரிந்தால் சொல்லுங்கள். மகளுக்கு வயது 9.