மழைச் செய்திகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

முடிச்சூர்க்காரி:
ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் மழைக்கு முன்னால் செய்தி கொட்டத் தொடங்கிவிடுகிறது. தெருக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, நாத்தனார் வீட்டுக் குழு, ஆபீஸ் குழு. வங்கக் கடலில் ஒரு சுழற்சி வந்தால் போதும், ஒரே வண்ணப் படத்தை நாலு பேர் நாலு விதமாக விளக்குகிறார்கள். ஒருவர் நெல்லூரில் கரையைக் கடக்கும் என்கிறார், இன்னொருவர் மரக்காணம் என்கிறார். நடுவில் ஒரு புண்ணியவான் 2015 வெள்ள வீடியோவை "இப்போது தாம்பரம் அருகே" என்று போடுகிறார். அதில் தெரியும் மளிகைக் கடை எப்போதோ செருப்புக் கடையாகிவிட்டது. எங்கள் தெருதானே, எனக்குத் தெரியாதா?

எல்லாவற்றையும் மூடிவைக்கவும் பயம். அந்த டிசம்பரில் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள். மாமியாருக்கு மூட்டுவலி, தண்ணீர் வாசலுக்கு வரும் முன்பே அவரை மாடிக்கு ஏற்றியாக வேண்டும். அதனால் நடுராத்திரியிலும் போனை நோண்டுகிறேன். "போனைத் தூர வையுங்கள்" என்பதைத் தவிர வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

குடைராட்டினம்:
அக்கா, வானிலை மையம் மழை அளவைக் கணக்கிடுவது காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. புயல் உருவாகிவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை வரும். இடையில் வருவதெல்லாம் அரைத்த மாவுதான். நான் அந்த அறிக்கையை மட்டும் பார்க்கிறேன். எச்சரிக்கை நிறம் மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. எங்கள் வீட்டில் மஞ்சளுக்கே பால் பாக்கெட்டை வாங்கிக் குவிப்பார்கள், அது தனிக் கதை.

பழைய ஏரிக்கரை:
அம்மா, உங்களுக்கு வரும் செய்தியில் பாதி உங்களுக்கானதே இல்லை. செம்பரம்பாக்கம் ஏரி 22 அடி, 23 அடி என்று எல்லாரும் பதறுவார்கள். முழுக் கொள்ளளவு 24 அடி. ஆனால் அதன் உபரி நீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர் அதற்கு மேலே, ஆறு வரும் திசையில் இருக்கிறது. அந்தக் கணக்கு மணப்பாக்கம், சைதாப்பேட்டைக்காரர்களுக்கு. உங்களுக்கு வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர். அந்தப் பக்கம் குடியிருக்கும் ஒருவர் உங்களுக்குப் பத்து யூடியூப் சேனலுக்குச் சமம்.

முடிச்சூர்க்காரி:
ஐயா, எங்கள் பால்காரரே ஆதனூர்தான்! இத்தனை வருஷமாக அவரிடம் பாலுக்குத் தண்ணீர் எவ்வளவு என்றுதான் கேட்டிருக்கிறேன், ஏரிக்கு எவ்வளவு என்று கேட்டதில்லை.

பள்ளி விடுமுறைக்கு என்ன செய்வது? அதுதான் பெரிய கூத்து.

ரெண்டு பிள்ளை அப்பா:
டிவியில் "சென்னைக்கு விடுமுறை" என்றால் நமக்கு இல்லை. தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம், நம் கலெக்டர் தனியாக அறிவிக்க வேண்டும். அறிவிப்பின் படம் வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள், போன வருஷத்தது சுற்றிக்கொண்டிருக்கும். பெற்றோர் குழுவை ஆர்க்கைவில் போட்டுவிட்டேன். டீச்சர் மட்டுமே எழுதக்கூடிய குழு ஒன்று தனியாக இருக்கிறது, அது போதும்.

குடைராட்டினம்:
நாத்தனார் குழுவை மட்டும் மியூட் பண்ணிவிடாதீர்கள். மழை நின்ற பிறகும் அந்த இடி நிற்காது.

முடிச்சூர்க்காரி:
அதை அனுபவித்தவர் பேசுகிறீர்கள் போல. சரி, பகல் சமாளித்தாயிற்று. ராத்திரிக்கு?

பழைய ஏரிக்கரை:
ஆற்றுப் பக்கம் தெருக்கோடியில் யார் வீடு? அவர்களிடம் பேசிவையுங்கள். படிக்கட்டில் தண்ணீர் ஏறினால் மெசேஜ் போட வேண்டாம், போன் அடிக்கட்டும். உங்கள் போனைத் தொந்தரவு செய்யாதே நிலைக்கு மாற்றி, அந்த எண்ணுக்கும் பால்காரருக்கும் மட்டும் விலக்குக் கொடுங்கள். ராத்திரி சார்ஜ் போட்டு வைக்க மறக்காதீர்கள், கரண்ட் முதலில் போய்விடும். 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, அதையும் பதிந்துகொள்ளுங்கள்.