புதுப்பிப்பு: ஜிசான் போயாச்சு, ஆர்எக்ஸ்ஜாவா பாதி போயிருக்கிறது

எங்கள் ஆண்ட்ராய்டு ஆப்பில் சர்வர் அனுப்பும் ஜேசான் (JSON) தரவைப் படிக்க ஜிசான் (Gson) நூலகத்தை வைத்துக்கொள்வதா, மோஷிக்கோ கோட்லின்எக்ஸ் சீரியலைசேஷனுக்கோ மாறுவதா, தொடர்ந்து வரும் தரவைக் கையாளும் ஆர்எக்ஸ்ஜாவாவை (RxJava) விட்டு, அதே வேலைக்கான கோட்லினின் ஃப்ளோவுக்குப் (Flow) போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஜிசானை எடுத்தேவிட்டோம். நல் (null, அதாவது மதிப்பே இல்லை) வரக்கூடாது என்று அறிவித்த ஸ்ட்ரிங்கிலும் அது சத்தமில்லாமல் நல்லை வைத்துவிடுகிறது. சர்வர் 'முகவரி' அனுப்பாத அன்று ஆப் விழுந்தது. விழுந்த இடமோ மூன்று திரை தள்ளி. கன்ஸ்ட்ரக்டரில் (ஆப்ஜெக்டை உருவாக்கும் கோடில்) ஒரே ஒரு அளபுருவுக்கு டீஃபால்ட் (மதிப்பு வராதபோது எடுத்துக்கொள்வது) இல்லாவிட்டாலும் போதும், மற்றவற்றுக்குக் கொடுத்த டீஃபால்ட்டும் வீண். அப்போது ஜிசான் கன்ஸ்ட்ரக்டரை அழைக்காமலே ஆப்ஜெக்டை உருவாக்கிவிடும்.

மோஷியும் இதைப் பிடித்துவிடும். ஆனால் எங்கள் ஐஓஎஸ் ஆட்களும் அதே கோட்லின் கோடைப் பகிர்கிறார்கள், அதனால் அங்கேயும் ஓடும் கோட்லின்எக்ஸ்தான். முதல் நாளே அடி: எங்கள் கோடில் இல்லாத கீ (புலப்பெயர்) ஒன்று ஜேசானில் வந்ததும் எக்ஸெப்ஷன். அப்படிப்பட்ட கீயை விட்டுவிடச் சொல்லும் 'இக்னோர்அன்நோன்கீஸ்' இயல்பாக அணைந்தே இருக்கும், நாம்தான் போட வேண்டும்.

அப்புறம் ஃப்ளோ. தேடல் பெட்டியில் 300 மில்லிசெகண்ட் டிபவுன்ஸ் (தட்டுவது நின்று அவ்வளவு நேரம் ஆனபின்தான் தேடும்), ஆர்எக்ஸ்ஜாவாவின் ஸ்விட்ச்மேப் இருந்த இடத்தில் ஃப்ளாட்மேப்லேட்டஸ்ட் (புதுத் தேடல் வந்ததும் பழையதை விட்டுவிடும்), அவ்வளவுதான். திரையின் தரவை வைத்திருக்கும் வியூமாடலின் ஸ்கோப் (ஆயுள்) முடிந்தால் ஃப்ளோ தானே ரத்தாகும். ஆர்எக்ஸ்ஜாவாவில் போல டிஸ்போஸ் (நாமே நிறுத்துவது) மறந்த கதையெல்லாம் இல்லை.

புளூடூத் பகுதியில் மட்டும் ஆர்எக்ஸ்ஜாவா 3 அப்படியே இருக்கிறது. ஓடுகிற மாட்டை எதற்கு அடிக்க வேண்டும்? அதற்கும் ஃப்ளோவுக்கும் நடுவில் பாலம் போட, கோட்லினின் கோரூட்டீன்ஸ் நூலகத்தில் உள்ள ஆர்எக்ஸ்3 மாட்யூல் போதுமானதாக இருந்தது.