வக்கீல் ஆஜராகாம கேஸ் டிஸ்மிஸ், கேஸ் கட்டையும் (ஃபைல்) தர மாட்டேங்கிறாரு. வக்கீல்கள கண்காணிக்கிற பார் கவுன்சில்ல புகார் போட்டா ஏதாச்சும் நடக்குமா?

செங்கம்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா ஒரு நிலத்துக்கு கிரய ஒப்பந்தம் போட்டு 6 லட்சம் அட்வான்ஸ் குடுத்தாரு, வித்தவர் கடைசி நேரத்துல எழுதித்தர மாட்டேன்னுட்டாரு, அதனால சப் கோர்ட்ல ஸ்பெசிஃபிக் பெர்ஃபார்மன்ஸ் கேஸ் (ஒப்பந்தப்படி எழுதித்தர வைக்கிற கேஸ்) போட்டோம். வக்கீல் அப்பாவுக்கு தெரிஞ்சவர்தான். எப்ப போன் பண்ணாலும் "வாய்தா ஆயிருக்கு, நான் கூப்பிடுறேன், நீங்க அலைய வேணாம்"னு சொல்லிட்டே இருந்தாரு. போன வாரம் சும்மா இ-கோர்ட்ஸ் ஆப்ல பாத்தா கேஸ் மார்ச்லயே டிஸ்மிஸ்டு ஃபார் டிஃபால்ட்னு (ஆஜராகாததால தள்ளுபடி) இருக்கு!! அஞ்சு மாசமா ஒரு வார்த்தை சொல்லல. நேர்ல போய் கேட்டா "அத ரெஸ்டோர் பண்ணிக்கலாம்"னு ரொம்ப சாதாரணமா சொல்றாரு. சரி வேற வக்கீல் பாத்துக்கறோம் கட்டை குடுங்கன்னா, பாக்கி ஃபீஸ் 40 ஆயிரம் வச்சாதான் கட்டும் தருவேன், வக்காலத்து மாத்த கையெழுத்தும் போடுவேன்னு சொல்றாரு. இவர் மேல எங்க புகார் குடுக்கறது? கன்ஸ்யூமர் கோர்ட்ல நஷ்டஈடு கேட்டு போடலாம்னு மாமா சொல்றாரு. அப்புறம் உள்ளூர் வக்கீல் யாரும் இன்னொரு வக்கீலுக்கு எதிரா வர மாட்டாங்கன்னு வேற சொல்றாங்க, அப்பாவுக்கு ராத்திரி தூக்கமே இல்ல.

வாய்தா_வாசு:
தம்பி, பார் கவுன்சில்ல வக்கீல விசாரிக்கிறது மூணு வக்கீல், அதுல ரெண்டு பேர் கவுன்சில் மெம்பருங்க, அவங்க எலக்ஷன்ல ஜெயிச்சு வர்றது வக்கீல்ங்க ஓட்டுல. மிச்சத்த நீங்களே யோசிச்சுக்கோங்க. 40 ஆயிரத்த தூக்கி குடுத்துட்டு கட்டை வாங்கிட்டு ஓடிருங்க.

ஜூனியர்_கருப்புகோட்டு:
வாசு அண்ணே, பணத்த குடுத்துட்டு ஓடுன்னு சொல்றது தப்பான அட்வைஸ். நான் பிராக்டிஸ்ல இருக்கேன், எங்க ஆளுங்க பத்தி எனக்கும் பெருமையா சொல்ல நிறைய இல்லதான், ஆனா இந்த விஷயத்துல சட்டம் ரொம்ப தெளிவு. ஃபீஸ் பாக்கிக்காக கட்டை புடிச்சு வச்சுக்க வக்கீலுக்கு உரிமையே கிடையாது. 2000-ல சுப்ரீம் கோர்ட் ஆர்.டி.சக்சேனா கேஸ்ல சொல்லிருச்சு, கட்சிக்காரர் கேட்டா கட்டை திருப்பி தரணும், தரலன்னா அதுவே மிஸ்கான்டக்ட் (தொழில் ஒழுக்கக்கேடு), பாக்கி இருந்தா தனியா கேஸ் போட்டு வசூல் பண்ணிக்கோன்னு. அந்த வக்கீலுக்கு பார் கவுன்சில் ஆஃப் இந்தியா 18 மாசம் தடை போட்டிருந்துச்சு, சுப்ரீம் கோர்ட் அத வெறும் கண்டனமா குறைச்சிருச்சு, ஏன்னா அதுவரைக்கும் இதுல தெளிவான தீர்ப்பு இல்லாம இருந்துச்சு. இப்ப அந்த சாக்கு யாருக்கும் கிடையாது.

கன்ஸ்யூமர் கோர்ட்ட மறந்துருங்க. 2007-ல நேஷனல் கன்ஸ்யூமர் கமிஷன் வக்கீல் சேவையும் அந்த சட்டத்துக்குள்ள வரும்னு சொன்னது உண்மைதான், ஆனா 2024 மே 14-ல சுப்ரீம் கோர்ட் அத அடிச்சிருச்சு. நஷ்டஈடு வேணும்னா சிவில் கோர்ட்தான்.

ஆனா செங்கம், உங்களுக்கு இப்ப அவசரம் புகார் இல்ல, கேஸு. பார் கவுன்சில் அவர கண்டிக்கலாம், சஸ்பெண்ட் பண்ணலாம், வக்கீல் பட்டியல்ல இருந்து பேரையே எடுக்கலாம், இதெல்லாம் அட்வகேட்ஸ் ஆக்ட் 35-ம் பிரிவு. ஆனா உங்க கேஸ திரும்ப உயிர் குடுக்க அவங்களால முடியாது. எதிர்பார்ட்டி ஆஜராகி நீங்க ஆஜராகாம டிஸ்மிஸ் ஆயிருந்தா அதே காரணத்துக்கு புதுசா கேஸ் போட முடியாது, சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 9 ரூல் 9-ல ரெஸ்டோர் பண்ண மட்டும்தான் முடியும், அதுக்கு டைம் 30 நாள். உங்களுக்கு அஞ்சு மாசம் ஆயிருச்சு, அதனால தாமத மன்னிப்பு மனுவும் சேத்து போடணும். ஒவ்வொரு நாள் லேட் ஆனாலும் எதிர்பார்ட்டிக்கு ஒரு பாயிண்ட் கூடுது, இந்த வாரமே போடுங்க.

ரிட்டையர்டு_குமாஸ்தா:
ஜூனியர் சார் சொன்னது சரி. நான் வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்து ஓய்வு பெற்றவன், அந்த அனுபவத்துல ஒண்ணு சொல்றேன். கட்டு கட்டுன்னு பயப்படாதீங்க தம்பி, அந்த கட்டுல இருக்கிறது பெரும்பாலும் நகல்தான். ஒப்பந்தத்தோட ஒரிஜினல், பிராதோட (கேஸ் போட்ட மனு) சேத்தே கோர்ட்ல தாக்கல் ஆயிருக்கணும். நாளைக்கே நகல் மனு போட்டு பிராது, எதிருரை, டிஸ்மிஸ் ஆர்டர் எல்லாத்துக்கும் சர்டிஃபைட் காப்பி கேளுங்க, ஒரிஜினல் உள்ள இருக்கான்னும் கோர்ட் ஆபீஸ் செக்ஷன்ல பொறுமையா கேளுங்க, திட்டினாலும் நின்னு கேளுங்க. ஒரிஜினல் மட்டும் வக்கீல் கையில மாட்டியிருந்தா அது வேற கதை.

வக்காலத்துக்கு பழைய வக்கீல் சம்மதம் தரலன்னா கோர்ட்டே அனுமதி குடுக்கும், அவருக்கு நோட்டீஸ் விட்டுட்டு மனு போட்டா போதும். அதுக்கும் 40 ஆயிரம் தேவையில்ல.

மதுரை_மீனா:
எங்க சித்தப்பா ஒரு வக்கீல் மேல பார் கவுன்சில்ல புகார் போட்டவர், அதனால சொல்றேன். ஆக்சிடென்ட் கேஸ்ல வந்த நஷ்டஈட்ட வக்கீல் அவர் அக்கவுண்ட்லயே வச்சுக்கிட்டு இழுத்தடிச்சாரு. புகார் சாதா லெட்டரா எழுதி அனுப்பாதீங்க, அது மனு மாதிரி இருக்கணும், கீழ கையெழுத்து போட்டு உண்மைன்னு வெரிஃபிகேஷன் பண்ணணும், கோர்ட்ல பிராதுக்கு பண்ற மாதிரியே. தமிழ்லயே எழுதலாம், டெல்லில இருக்கிற பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்கு போற நிலை வந்தா மொழிபெயர்க்கிற வேலை ஸ்டேட் பார் கவுன்சிலோடது. வக்கீலோட என்ரோல்மென்ட் நம்பர் வக்காலத்துல இருக்கும், அத போடுங்க. ஆபீஸ் சென்னை ஹைகோர்ட் வளாகத்துல, ஃபீஸ் எவ்வளவுன்னு போன்ல கேட்டுட்டு அனுப்புங்க.

உடனே கமிட்டிக்கு போயிராது. மொதல்ல அவர்கிட்ட விளக்கம் கேப்பாங்க, முகாந்திரம் இருக்குன்னு கவுன்சில் நினைச்சாதான் ஒழுங்கு நடவடிக்கை கமிட்டிக்கு அனுப்புவாங்க. அந்த கமிட்டிக்கு சிவில் கோர்ட் மாதிரி சம்மன் அனுப்பவும் டாகுமென்ட் வரவழைக்கவும் அதிகாரம் உண்டு. எங்க கேஸ்ல நோட்டீஸ் போனதுமே வக்கீல் வீட்டுக்கு வந்து முழு பணத்தையும் குடுத்துட்டு வாபஸ் வாங்குங்கன்னு கெஞ்சினாரு. சித்தப்பாவும் எழுதி குடுத்தாரு, ஆனா வாபஸ்னு ஒரே காரணத்துக்காக புகார தள்ள முடியாதுன்னு விதியே இருக்காம், விசாரணை நடந்துச்சு. இது அவருக்கு தெரியாம போச்சு பாவம் 😄

வாய்தா_வாசு:
பணம் வந்துச்சு சரி. தண்டனை? எத்தன வருஷம் இழுத்தாங்க அத சொல்லுங்க மொதல்ல.

மதுரை_மீனா:
இழுத்தாங்கதான், மறுக்கல. தண்டனை வெறும் கண்டனத்தோட முடிஞ்சுது.

ஜூனியர்_கருப்புகோட்டு:
வாசு அண்ணே சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. சட்டப்படி ஸ்டேட் பார் கவுன்சில் ஒரு வருஷத்துல முடிக்கணும், முடியலன்னா அட்வகேட்ஸ் ஆக்ட் 36பி படி ஃபைல் தானா பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்கு போகணும். இத யாரும் மதிக்கலன்னுதான் 2021 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் மறுபடி கண்டிச்சு, ரெண்டு இடத்துலயும் வருஷத்துக்குள்ள முடிங்கன்னு உத்தரவு போட்டுச்சு. மேல அப்பீல் 60 நாளுக்குள்ள பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்கு, அதுக்கு மேல இன்னொரு 60 நாளுக்குள்ள சுப்ரீம் கோர்ட்டுக்கு. அதாவது மூணு வக்கீலோட முடிஞ்சு போற விஷயம் இல்ல.

நம்ம ஊர் கேஸே ஒண்ணு இருக்கு. காது கேக்காத ஒரு முதியவர் புரோநோட் கடன வசூல் பண்ண ஒரு மெட்ராஸ் வக்கீல்கிட்ட பணம் குடுத்தாரு, அவர் கேஸே போடாம போட்டுட்டேன்னு பொய் சொல்லிட்டே இருந்தாரு. தமிழ்நாடு பார் கவுன்சில் 6 வருஷம் சஸ்பெண்ட் பண்ணுச்சு, டெல்லி அத 1 வருஷமா குறைச்சுது, 1978-ல கிருஷ்ண ஐயர் பெஞ்ச் அதையும் குறைச்சாலும் சும்மா விடல, பாதிக்கப்பட்டவருக்கு 2500 ரூபா குடு, காஞ்சிபுரத்துல ஒரு வருஷம் இலவச சட்ட உதவி மட்டும் பண்ணுன்னு சொல்லுச்சு. அந்த மாதிரி தண்டனை அப்புறம் ஏன் அதிகம் குடுக்கறதில்லன்னு எனக்கு இன்னும் ஆதங்கம்தான்.

செங்கம், ஒரு எச்சரிக்கை. ஒரு நாள் ஆஜராகாம போனா அது வெறும் கவனக்குறைவு, அதுக்கு மட்டும் தண்டனை கிடைக்கறது கஷ்டம், ஏமாத்துற எண்ணமோ படுமோசமான அலட்சியமோ இருக்கணும். உங்க கேஸோட பலம் அவர் அஞ்சு மாசம் வாய்தான்னு பொய் சொன்னதுலயும், கட்டை வச்சு பணம் கேக்கறதுலயும்தான் இருக்கு. வாட்ஸ்அப் மெசேஜ், கால் ஹிஸ்டரி, ஜிபே எல்லாத்தையும் பத்திரமா வைங்க. கட்டை கேட்டு ஒரு லெட்டர் ஸ்பீடு போஸ்ட்ல டெலிவரி ஆதாரத்தோட அனுப்புங்க, வாயால கேட்டது நிக்காது.

செங்கம்_பையன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். நகல் மனு போட்டாச்சு, ஒரிஜினல் ஒப்பந்தம் கோர்ட்லதான் இருக்குன்னு செக்ஷன்ல சொன்னாங்க, அப்பா அங்கயே உக்காந்துட்டாரு. உள்ளூர்ல ரெண்டு பேர் கேஸ் எடுக்க தயங்குறாங்க, பக்கத்து ஜில்லா வக்கீல் வரலாமா? அப்புறம் தாமத மனுவுல பழைய வக்கீல் மேல நேரடியா எழுதலாமா, இல்ல அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு எழுதலாமான்னு ஒருத்தர் கேக்கறாரு.

ஜூனியர்_கருப்புகோட்டு:
எந்த ஊர் வக்கீலும் வரலாம், தடையே இல்ல. உடம்பு சரியில்லன்னு பொய் எழுதாதீங்க, குறுக்கு விசாரணைல மெடிக்கல் சர்டிஃபிகேட் எங்கன்னு கேட்டா மாட்டிப்பீங்க. வக்கீல் தப்புக்கு கட்சிக்காரர தண்டிக்கக்கூடாதுன்னு 1981 ரஃபீக் கேஸ்லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, உண்மைய அப்படியே எழுதுங்க. ஆனா சில ஜட்ஜுங்க, வக்கீல் மேல பழி போடுறீங்களே, அவர் மேல என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு கேப்பாங்க, அப்ப பார் கவுன்சில் புகார் காப்பி கையில இருந்தா நல்லது. அதனால தாமத மனுவுக்கு கோர்ட்ல நம்பர் கிடைச்ச கையோட புகாரையும் போட்டுருங்க. ரெண்டுலயும் தேதி, போன் பண்ண நாள், அவர் சொன்ன பதில் எல்லாம் ஒண்ணா இருக்கணும், அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு இருந்தா எதிர்த்தரப்பு அதத்தான் மொதல்ல புடிக்கும்.